வியாழக்கிழமைப் போறணை

அத்தியாயம் 4

சிபானா மிஸ் யாரையும் அழ வைக்காமல் ஒரு விசாரணையை முடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழப்போவது யார் என்று கல்பிட்டிக்குப் போகிற வழியிலேயே எனக்குள் நானே பந்தயம் கட்டிக்கொண்டேன். கத்தி செய்தவர் மேல் கட்டினேன். தோற்றுப் போனேன்.

என் பெயர் நிரோசன். ஊர் தலவில. மிஸ்ஸுக்கு நான் உதவியாளன், முச்சக்கர வண்டிச் சாரதி, அவர் மறந்து வைக்கிற மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பிடிக்கிற துப்பறிவாளன். மிஸ் பதினைந்து வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் இருந்து, பொய்யாக நட்டஈடு கேட்டு வந்தவர்களைப் பிடித்தவர். இப்போது புத்தளத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் சொந்தமாக விசாரணை செய்கிறார்.

பாலாவியில் திரும்பியதிலிருந்து மிஸ் தொலைபேசியை விடவில்லை. மறுமுனையில், ஸ்பீக்கரில், அஸ்ஹான் சேர். பட்டறை வேலை படிப்பிக்கிற ஆள். இரும்பு, மோட்டார், மின்சாரம் என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் மிஸ் அவரைத்தான் கேட்பார். பக்கத்தில் நான் ஒருவன் சும்மா இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

"சிவக்கக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சா உருக்கு நல்லா இறுகிரும் மிஸ். அரம் போட்டாலும் வழுக்கும். ஆனா அது கண்ணாடிக்குச் சமன், பலமா ஒரு இடி பட்டா முறியும். அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மிதமான சூட்டில வெச்சு எடுக்கணும். அப்பதான் அதுக்குப் பொறுமை வரும்."

"மனுசருக்கும் அப்பிடி ஒரு சூடு ஈந்தா நல்லம்," என்றார் மிஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் முந்தின நாள் சொன்ன பகிடிக்கு மிஸ் இப்படிச் சிரிக்கவில்லை. அது இதைவிட நல்ல பகிடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவீதியில் நின்ற ஒரு கழுதைக்கு நீளமாக ஹோர்ன் அடித்தேன். கல்பிட்டிக் கழுதைகளும் என்னை மதிப்பதில்லை.

விசயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை மீன்துறையில் ஜபார் என்ற மீன்வெட்டுகாரர் ஒரு பெரிய அறுக்குளா மீனின் நடுமுள்ளில் கத்தியை ஓங்கி இறக்கினார். கத்தி இரண்டாக முறிந்தது. போன வேகத்தில் கை சறுக்கி முறிந்த விளிம்பில் ஏற, இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துவிட்டது. அந்த விரல்கள் இனி மடங்குமா என்று டொக்டருக்கே நிச்சயமில்லை.

கத்தியைச் செய்தவர் ஹாசிம். ஜபாரின் ராத்தா, அதாவது அக்கா, மர்ளியாவின் புருசன். இரண்டு மாதத்துக்கு முன் சந்தியில் நாலுபேர் பார்க்க ஹாசிம் ஜபாருக்கு அறைந்திருக்கிறார். பிறகு ஆட்கள் பேசிச் சமாதானமாக்கினார்கள். அந்தச் சமாதானத்துக்கு ஹாசிம் கொடுத்த பரிசுதான் இந்தக் கத்தி. ஆகவே ஜபாருக்குச் சந்தேகமே இல்லை. மச்சான் வேண்டுமென்றே பழுதான கத்தியைத் தந்து பழிவாங்கிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நேரே பொலிஸ் என்று சொல்லியனுப்பிவிட்டார். அதற்குமுன் உண்மையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி மிஸ்ஸைக் கூப்பிட்டது ஹாசிம். நாங்கள் அவர் பட்டறைக்குள் நுழைந்தபோது நடுப்பகல் லுஹர்த் தொழுகை முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஹாசிமுக்கு நாற்பது வயது இருக்கும். பொறி பட்டுப் பட்டு முன்கையில் மயிரே இல்லை. கொழும்பிலிருந்து கத்தி வடிவத்திலேயே வெட்டி வருகிற உருக்குத் தகடுகள் சுவரில் சாய்ந்திருந்தன. சிரட்டைக் கரி அடுப்பு, ஒரு காந்தம், ஒரு வாளி தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் பட்டறை.

"காந்தம் ஒட்டாத சூடு வந்தாத்தான் எண்ணெயில போடுவன்," என்றார் ஹாசிம். "பதினொரு வருசம் மிஸ். ஒரு கத்தி முறிஞ்சதில்ல. நானா எண்ட மச்சான்ட கைய வெட்டுவன்?"

"ஏன் அவருக்கு அறைஞ்சீங்க?" என்றார் மிஸ்.

ஹாசிம் வாசல் பக்கம் பார்த்தார். மர்ளியா பிளேன்ரீத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். கைவிரல் நுனியெல்லாம் தீட்டுக்கடதாசி தேய்த்துத் தேய்த்து மொழுமொழுவென்று இருந்தன. இந்த வீட்டில் கத்தி தீட்டுவதும் பிடி போடுவதும் அவர் வேலை.

"சொல்லுங்களேன்," என்றார் மர்ளியா. "ஊருக்கே தெரிஞ்ச கதை."

ஹாசிம் சொன்னார். தோய்த்த கத்திகளுக்கு அந்த ஒரு மணித்தியாலச் சூடு கொடுப்பது மிஹ்லாரின் பேக்கரிப் போறணையில். விறகு எரித்துப் பாண் சுடுகிற பெரிய அடுப்பு. இரண்டாம் தட்டுப் பாணோடு கத்திகளையும் வைத்தால் பாண் சிவக்கிற சூட்டில் கத்தியும் பாண்தோல் நிறத்துக்கு வரும். அதுதான் பதம். வியாழக்கிழமை தோறும் ஹாசிம் போவார், ஒரு மணித்தியாலம் நிற்பார், வருவார். மிஹ்லாரின் மனைவி சுல்பாவைத்தான் ஒரு காலத்தில் ஹாசிமுக்குக் கல்யாணம் பேசி, சரிவராமல் விட்டார்கள். இதை வைத்து ஜபார் சந்தியில் வாயாடினார். கன்னத்தில் வாங்கினார்.

மர்ளியா கோப்பையைச் சத்தமே இல்லாமல் மேசையில் வைத்தார். கோபமில்லாதவர்கள் கோப்பை வைத்தால் கொஞ்சமாவது சத்தம் கேட்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் தேநீர் நன்றாக இருந்ததால் யோசனை அதோடு நின்றுவிட்டது.

"முறிஞ்ச கத்திட பிடியக் கழட்டுங்க," என்றார் மிஸ், மேசையில் கிடந்த துண்டுகளைக் காட்டி.

"பிடியிலயா முறிஞ்சது? அலகிலதானே?"

"அலக ஒங்கட மனுசி தீட்டிட்டாங்க. நெறம் ஒண்டும் மிச்சமில்ல. பிடிக்குள்ள மறையிற வால யாரும் தீட்டமாட்டாங்கதானே?"

ஹாசிம் மிஸ்ஸை ஒரு கணம் மரியாதையோடு பார்த்தார். ஆணிகளைத் துளைத்தெடுத்து மரப்பிடியைப் பெயர்த்தார். உள்ளே இருந்த வால் பகுதி அடுப்புச் சாம்பல் மாதிரி நரைத்துக் கிடந்தது. மிஸ் சுவரில் தொங்கிய ஒரு பழைய கத்தியைக் காட்டினார். அதன் பிடியையும் கழற்றினால், வால் அச்சாக நன்றாகச் சிவந்த பாண் தோல்.

"இது போறணையே காணல்ல," என்றார் ஹாசிம். "மிஹ்லார்! அவனுக்கு என்னக் கண்டா ஆகாது. நான் பேக்கரிக்குள்ள கால் வெச்சா மனுசிய உள்ளுக்குப் போகச் சொல்ற ஆள். அவன்தான் வேணுமெண்டு வைக்காம விட்டிருக்கான்!"

"போன வியாழக்கிழமை நீங்க கூட நிக்கல்லயா?"

"காய்ச்சல். மர்ளியாதான் கொண்டு போனா. ஆறு கத்தி."

மர்ளியா தலைமுக்காட்டைச் சரிசெய்தார். "நான் உள்ளுக்குப் போகல்ல. சுல்பாட கையில குடுத்தன். வெளிய வாங்கில குந்திட்டு ஒரு மணித்தியாலம் காய்ஞ்சன். பிறகு சாக்கில சுத்தித் தந்தா. உள்ளுக்கு என்ன செஞ்சாவோ, அது அவக்குத்தான் தெரியும்."

சுல்பா என்ற பெயரை அவர் பழுதான மீனைத் தூக்கிப் போடுகிற மாதிரிச் சொன்னார்.

"மத்த அஞ்சு கத்தி?" என்றார் மிஸ். "அதுகளும் இப்பிடித்தானே இருக்கும்? யார்ட கையில ஈக்கு?"

"பயமில்ல," என்றார் ஹாசிம். "செவ்வாய்க்கிழமையே மர்ளியா துறைக்குப் போய் அஞ்சையும் வாங்கிட்டு வந்திட்டா. ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே. எனக்கு அந்த நேரம் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல."

இப்படி ஒரு மனைவி கிடைத்தால் நானும் கத்தி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்கரிக்கு ஐந்து நிமிட ஓட்டம். மிஹ்லார் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எப்படிப் பார்த்தாலும் வியாபாரம் செய்ய வசதியில்லாத இடம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் தெருவும் தெரியும், உள்ளே மாப்பிசைகிற மேசையும் தெரியும், வீட்டுக்குப் போகிற திரைச்சீலையும் தெரியும். கதிரையை எங்கே போட்டிருக்கிறார் என்பதே அந்த மனிதரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டது.

"ஓம், எனக்கு அவர் வாறது விருப்பமில்ல," என்றார் மிஹ்லார், கேட்காமலேயே. "எண்ட வாப்பா காலத்தில குடுத்த வாக்கு, அதால விட்டு வெச்சன். அதுக்காக மனுசன்ட கத்தியப் பழுதாக்க நான் என்ன சைத்தானா?"

"போன வியாழன்?"

"நான் வெளிய போயிருந்தன். போறணை வழமை மாதிரி எரிஞ்சது. கத்தி வந்திருந்தா இவ வெச்சிருப்பா." திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "என்ன சுல்பா?" என்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "ஓம்," என்றது. அந்த ஓமில் உயிரே இல்லை.

நான் மிஸ்ஸின் காதருகே சொன்னேன்: "மிஸ், இங்க ரெண்டு பேர்ல ஒராள்தான். புருசனுக்குப் பொறாமை, பெஞ்சாதிக்குப் பழைய கோவம். ஒரு பேக்கரியில இவ்வளவு தெரிவு இருக்கிறது நல்லது."

"வாய மூடிட்டு ஒரு பாண் வாங்கு."

வாங்கினேன். அந்தப் பாணை எனக்குத் தெரியும். கல்பிட்டியிலும் தலவிலயிலும் தெரியாதவர்கள் இல்லை. மிஹ்லாரின் போறணைக்கு இடதுபக்கம் சூடு அதிகம், ஆகவே பாணுக்கு எப்போதும் ஒரு கன்னம் கருகியிருக்கும். கருகல் பிடித்தவர்கள் அதற்காகவே வருவார்கள். பிடிக்காதவர்கள் சுரண்டிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் அனஸ்தாசியா அக்கா பையோடு வந்து சேர்ந்தார். ஒரு பாணைத் தூக்கி, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, திரும்பவும் கருக்கிப் போட்டீங்களே! போன வியாழக்கிழமைப் பாண் எவ்வளவு திறம்! நாலு பக்கமும் ஒரே நிறம், பஞ்சு மாதிரி. பிள்ளைகள் இண்டைக்கும் அதைத்தான் கேக்குதுகள். அது மாதிரி ஒண்டு தாங்கோவன்."

மிஹ்லாரின் முகம் சுருங்கியது. "விருப்பமெண்டா வாங்குங்க. இல்லாட்டி வையுங்க!" என்று பாணை அவர் கையிலிருந்து பறித்துத் தட்டில் போட்டார். அக்கா பாவம், புகழ்ந்ததற்கு ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்.

மிஸ் வண்டிக்குத் திரும்பினார். ஏறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விளங்கல்ல," என்றார். "பாண நல்லமெண்டு சொன்னதுக்கு ஏன் அந்த மனுசனுக்குக் கோவம் வந்தது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது கோவமில்ல மிஸ். அந்த முகத்தை எனக்கு நல்லாத் தெரியும். நீங்க அஸ்ஹான் சேர் கெட்டிக்காரன் எண்டு சொல்லேக்க நான் கண்ணாடியில பாக்கிற முகம்."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்படி வெளிப்படையாகச் சொல்ல நினைக்கவில்லை.

"நிரோசன்," என்றார் மெதுவாக, "தன்ட பாணப் புகழ்ந்தா எந்தப் பேக்கரிக்காரனும் பொறாமைப்படமாட்டான்."

"மாட்டான்."

"அப்ப அது வேற ஒருத்தன்ட பாண்."

எனக்கு வெட்கத்தையும் மீறிப் புல்லரித்தது. மிஸ் ஏற்கெனவே பேக்கரியின் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

போறணையின் வாய்க்கு மேலே இருந்த வளைவைப் பார்த்தோம். பழைய கற்கள் கரிபிடித்துக் கறுத்திருந்தன. நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் புதுக் கல், புதுக் களிமண். புகை இன்னும் சரியாகப் படியக்கூட இல்லை.

"எப்ப இடிஞ்சு விழுந்தது?" என்றார் மிஸ், பின்னால் ஓடிவந்த மிஹ்லாரிடம்.

மிஹ்லாரின் தோள் இரண்டும் தொங்கிவிட்டன. "புதன் ராவு. சனிக்கிழமைதான் கட்டி முடிஞ்சது. மூணு நாள் பாலாவியில ஒரு மெசின் பேக்கரியில பாண் வாங்கிட்டு வந்து எண்ட பாணெண்டு வித்தன். ஒரு நாயும் வித்தியாசம் கண்டுபிடிக்கல்ல. இல்ல, கண்டுபிடிச்சாங்க. நல்லமெண்டு சொன்னாங்க! நாப்பது வருசத்துப் பேர், மிஸ். அவன்ட பாணுக்கு எண்ட முகத்துக்கு நேர பாராட்டு!" அவர் கண்கள் கலங்கின. மனைவி விசயத்தில்கூட அவர் இவ்வளவு நொந்திருக்கமாட்டார்.

திரைச்சீலை விலகியது. சுல்பா வந்து நின்றார். பூசின உடம்பு, மாவு படிந்த முழங்கை. பேரழகியை எதிர்பார்த்து வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இவர்ட மானத்துக்காகத்தான் ஓமெண்டு சொன்னன்," என்றார். "வியாழக்கிழமை போறணை பச்சத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கெடந்தது. மர்ளியா வந்தா. உள்ளுக்கு இல்ல. எதிர்ப்பக்கம், அந்த வேப்பமரத்தடி வரைக்கும். கையில சாக்குப் பொதி. நான் கைகாட்டிக் கூப்பிட்டன். என்ன மேலயும் கீழயும் பாத்தா. திரும்பிப் போயிட்டா."

எரியாத போறணைக்கு வெளியே ஒரு மணித்தியாலம் காய்ந்தேன் என்று சொன்ன மர்ளியாவை நினைத்தேன்.

ஹாசிமின் வீட்டுக்கு நாங்கள் திரும்பியபோது அஸர் முடிந்துவிட்டது. வாசலில் வேறொரு முச்சக்கர வண்டி இயங்கிக்கொண்டு நின்றது. விறாந்தையில் ஜபார். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. மெல்லிய தாடி வைத்த, வாய் ஓயாத இனத்து ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. அன்றைக்கு அந்த வாய் கடுகடுத்திருந்தது.

"நீங்க கண்டுபிடிச்சாலும் சரி, இல்லாட்டியும் சரி," என்றார் எங்களிடம். "மச்சான் என்னத்தத் தந்தாரெண்டு பொலிஸ் கேக்கட்டும். ராத்தா, நீ குறுக்க வராத."

மர்ளியா குறுக்கே வரவில்லை. நிலையில் சாய்ந்து நின்றார். ஹாசிம் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்தார்.

"ரெண்டு நிமிசம் இருங்க தம்பி," என்றார் மிஸ். "கத்தி போறணைக்குப் போகல்ல. அது சரி. ஆனா அத மறைச்சது மச்சான் இல்ல. மிஹ்லாரும் இல்ல. அண்டைக்கு அந்தப் பேக்கரியில நெருப்பே இல்ல. போறணை இடிஞ்சு கெடந்தது."

ஹாசிமின் தலை மெல்ல நிமிர்ந்தது. மனைவியைப் பார்த்தார். "நீ ஒரு மணித்தியாலம் நிண்டதா..."

"இன்னொண்டு," என்றார் மிஸ். அவர் குரலில் வெற்றி இல்லை. இப்படியான நேரங்களில் ஒருநாளும் இருக்காது. "செவ்வாய்க்கிழமை ஒம்பது மணிக்குக் கத்தி முறிஞ்சது. ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே மத்த அஞ்சையும் வாங்கிட்டீங்க. ஒரு கத்தி முறிஞ்சா அந்தக் கத்தியிலதான் பிழையெண்டு எல்லாரும் நெனப்பாங்க. ஆறுலயும் பிழையெண்டு அந்த நேரத்தில தெரிஞ்ச ஆள் ஒராள்தான்."

மர்ளியா மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி நேராகப் பேசினார்.

"எனக்கு என்ன தெரியும்? எண்ணெயில தோய்ச்சு எடுத்த கத்தியில நான் அரம் போட்டுப் பாத்தன். வழுக்குது. கல்லை விட இறுக்கம். இவ்வளவு இறுகின ஒண்டுக்கு, பாண் வேகிற சூட்டில ஒரு மணித்தியாலம் என்னத்துக்கு? பதினொரு வருசம். வியாழக்கிழமை வந்தா குளிச்சு, நல்ல சாரன் உடுத்துப் போவார். எண்ட தம்பியே சந்தியில நிண்டு சொல்றான். நான் நெனச்சன், கத்தி ஒரு சாட்டு. அவளப் பாக்கத்தான் போறாரெண்டு."

"மர்ளியா..." என்றார் ஹாசிம்.

"என்னச் சொல்ல விடுங்க. மரத்தடி வரைக்கும் போனன். அவ கைகாட்டிக் கூப்பிட்டா, சொந்தக்காரி மாதிரி. எனக்குப் பொறுக்கல்ல. திரும்பி வந்தன். ஆறையும் அப்பிடியே தீட்டிப் பிடி போட்டன். ஒரு மாசம் பாப்பன், ஒண்டும் ஆகாட்டி ஆறையும் இவருக்கு முன்னால வெச்சுக் கேப்பனெண்டு இருந்தன்: இப்ப சொல்லுங்க, நீங்க அங்க போனது என்னத்துக்கு?" மூச்சு வாங்கினார். "அதுல ஒண்ட எடுத்து இவர் தம்பிக்குக் குடுக்கப் போறாரெண்டு நான் நெனக்கல்ல. குடுத்த நேரம் தடுத்திருக்கலாம். தடுத்தா ஏனெண்டு கேப்பார். கத்தி ஒண்டும் ஆகாதெண்டுதான் நான் நம்பினன். ஒவ்வொரு நாளும் துறையில கேப்பன், கத்தி எப்பிடியெண்டு. நல்லா வெட்டுதெண்டு சொல்லுவாங்க. கத்தி வெட்ட வெட்ட எனக்கு இவர் கள்ளனாகிட்டே வந்தார்."

ஜபார் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். ஏதோ புதிதாகப் பார்ப்பது போல.

"செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் ஓடி வந்து, ஹாசிம் நாநாட கத்தி முறிஞ்சிட்டெண்டு சொன்னான்." மர்ளியாவின் குரல் அங்கேதான் உடைந்தது. "அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும். முதல்ல எனக்குச் சந்தோசம் வந்திச்சு. இவர் பொய் சொல்லல்ல. சத்தியமா அதுதான் முதல்ல வந்தது. யார்ட கையெண்டு பிறகுதான் கேட்டன்."

அழுதது அவர் இல்லை. ஜபார். பெரிய சத்தமாக, மூக்கைத் துடைக்க வலது கை தூக்க முடியாமல், இடது கையால் தடுமாறித் துடைத்துக்கொண்டு அழுதார்.

"சந்தியில சும்மா சொன்னது ராத்தா. நாலுபேரச் சிரிக்க வைக்கச் சொன்ன கதை. நான் ஒருநாளும் ஒண்டும் காணல்ல. மச்சான் அங்க நிண்டதக்கூடக் காணல்ல. எல்லாரும் இவர்ட கத்தியப் பத்தியே புகழ்ந்து கதைப்பாங்க. எனக்கு அதக் காதால கேக்க ஏலாது. அதால சொன்னன்."

அவர் எழும்பிப் போய் வாசலில் நின்ற வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். வண்டி போய்விட்டது. பொலிசுக்குப் போகிற பேச்சு அதோடு முடிந்தது. இனி யார்மேல் முறையிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மச்சான் தப்பிவிட்டார். ஆனால் தப்பியவரின் முகத்தைப் பார்த்தால், பொலிசில் ஒரு இரவு இருந்துவிட்டு வந்திருக்கலாம் போலத் தோன்றியது.

"என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே," என்றார் ஹாசிம்.

"கேட்டா இல்லண்டு சொல்லுவீங்க."

"இல்லதானே."

"தெரியும். இப்ப தெரியும்."

மிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், போவோம் என்று. அதற்குள் ஹாசிம் எழும்பினார். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. மர்ளியா துணிகளுக்குள் ஒளித்து வைத்திருந்த ஐந்து கத்திகளையும் எடுத்து வந்தார். விறாந்தையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆணியைத் துளைத்துப் பிடிகளைக் கழற்றினார். ஐந்து வாலும் சாம்பல் நிறம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, முறிந்த பல்லைத் தடவுவது போல விரலால் தடவிப் பார்த்தார். மர்ளியா பக்கம் திரும்பவே இல்லை.

கத்திகளைச் சாக்கில் சுற்றினார். உடுத்திருந்த கரிபிடித்த சாரனோடேயே செருப்பைக் காலில் மாட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு வியாழக்கிழமை.

மர்ளியா நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "எங்க..." என்று தொடங்கினார்.

ஹாசிம் படியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மீதிக் கேள்விக்காக முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே காத்திருந்தார்.

மர்ளியா முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். கேள்வி வரவில்லை. ஹாசிம் பொதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேக்கரிப் பக்கம் நடந்தார்.